அடிச்சட்டத்தின் உள்ளே பரவும் துரு

1948-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வெளிவந்த லாண்ட் ரோவர் வண்டியின் மேற்கூடு பெரும்பாலும் அலுமினியக் கலப்பு உலோகத்தால் ஆயது. அதனைத் தாங்கும் அடிச்சட்டமோ, எஃகுத் தகடுகளைப் பெட்டிபோல் பற்றவைத்து அமைத்ததாகும். ஆகவே, மேற்கூடு பழுதின்றி விளங்கும்போதே, சட்டத்தினுள் சேறும் ஈரமும் தங்கி எஃகைத் துரு அரித்துவிடக்கூடும். சுத்தியலால் தட்டினால் நல்ல எஃகு கணீரென ஒலிக்கும். அரித்த இடம் மந்தமாக ஒலிக்கும்.

துருவின்மேல் தகடு பதிப்பது பயனற்றது. நல்ல உலோகம் தென்படும்வரை வெட்டி நீக்கி, அதே கனமுள்ள எஃகுத் தகட்டைப் பற்றவைத்தல் வேண்டும். அதற்குமுன் பெட்ரோல் தொட்டியைக் கழற்றி அப்புறப்படுத்துதல் இன்றியமையாதது. வில்பட்டைகளைத் தாங்கும் இடங்கள் பலவும் அரிக்கப்பட்டிருப்பின், உள்ளும் புறமும் நாகமுலாம் தோய்த்த புதுச் சட்டத்தை மாற்றுவதே தக்கது. அவ்விடம் முறிந்தால் அச்சு நிலைபெயர்ந்து, வண்டியிலுள்ளோர் உயிருக்கே ஊறு நேரும்.