கணினிக்குள் எது எங்கே, ஏன்?

லினக்ஸ் கணினியின் வேர் அடைவைத் திறந்தால் 'பின்', யூஎஸ்ஆர், ஈடிசி, வார், டெம்ப் என்று மொட்டைப் பெயர்களில் பல அடைவுகள் நிற்கும். பாடநூல்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி விளக்கம் தந்து மனப்பாடம் செய்யச் சொல்கின்றன. அவற்றில் சில, தற்செயலாக நேர்ந்ததற்குப் பிறகு தேடிய நியாயங்கள். நிலைத்து நிற்கும் பிரிவினைக்கு அடிப்படை வேறு: எந்தக் கோப்பு மாறும், அதை யார் மாற்றலாம் என்பது.

தற்செயலை முதலில் பார்ப்போம். 1971இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் லினக்ஸின் முன்னோடியான யூனிக்ஸை ஓட்டிய பிடிபி-11 கணினியின் வட்டு வெறும் 512 கிலோபைட். இன்றைய கைப்பேசிப் புகைப்படம் ஒன்றுக்கே அது பெரும்பாலும் போதாது. பயனர்களின் கோப்புகளை வைப்பதற்காகப் பின்னர் வந்த இரண்டாம் வட்டுதான் யூஎஸ்ஆர். முதல் வட்டு நிரம்பியதும் நிரல்களும் அங்கே வழிந்தன. ஆனால் இரண்டாம் வட்டை இணைக்கும் 'மவுண்ட்' நிரல் அந்த வட்டிலேயே இருந்தால் அதை எப்படி இணைப்பது? எனவே துவக்கத்துக்கு வேண்டியவை 'பின்'னில், மற்றவை யூஎஸ்ஆரில் என்றாயிற்று. வட்டுகள் பெருத்த பிறகும் இந்த ஏற்பாடு கொள்கை என்ற பெயரில் நாற்பது ஆண்டு ஓடியது. 2012இல் லினக்ஸ் வகைகளில் ஒன்றான ஃபெடோராவின் 17ஆம் பதிப்பு, 'பின்' அடைவை யூஎஸ்ஆருக்குள் இருப்பதைக் காட்டும் வெறும் சுட்டியாக்கியது. 2023இல் வந்த, மற்றொரு வகையான டெபியன் 12 அந்த அமைப்பை மட்டுமே ஏற்றது. கணினிகள் வழக்கம்போலத் துவங்கின.

'வார்' அப்படி வந்ததல்ல. 1980களில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் விற்ற வட்டில்லாப் பணிநிலையங்கள் பலவும் ஒரே சர்வரின் யூஎஸ்ஆரைப் பகிர்ந்துகொண்டன. பலர் பகிர்வதில் ஒருவர் எழுதினால் எல்லோருக்கும் கேடு. ஆனால் அஞ்சல், அச்சு வரிசை, பதிவேடுகள் எல்லாம் அதுவரை அங்கேதான் எழுதப்பட்டன. அன்றாடம் மாறும் அவற்றைப் பிரித்து 'வார்' ஆக்கினார்கள். நிர்வாகி கைவைக்கும் அமைப்புக் கோப்புகள் ஈடிசியில் இருந்தன. இந்தப் பிரிவினையின் பயன் இன்றும் கண்கூடு: யூஎஸ்ஆர் அழிந்தால் மீண்டும் நிறுவிக்கொள்ளலாம், ஈடிசியும் வாரும் காப்புப்பிரதி இல்லாமல் அழிந்தால் போனதுதான்.

ஒரு நிரலுக்கு ஓர் அடைவு என்று வைத்தால் எளிதல்லவா என்று கேட்கலாம். நீக்குவதற்கு எளிதுதான், மறுக்கவில்லை. ஆனால் 2014இல் ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகத்தில் 'ஹார்ட்பிளீட்' ஓட்டை வெளிப்பட்டபோது, பொது நூலக அடைவில் இருந்த கோப்பை மாற்றி, சேவைகளை மறுதுவக்கம் செய்ததுமே அதைப் பயன்படுத்திய நிரல்கள் எல்லாம் தப்பின. தனித்தனிப் பிரதி வைத்திருந்த நிரல்களை ஒவ்வொன்றாகத் தேட வேண்டியிருந்தது. நிரலை அதன் தேவைகளோடு ஒரே பொதியாக ஓட்டும் கன்டெய்னர்கள் பெருகிய காலத்தில், மாறுவதையும் மாறாததையும் பிரிக்கும் வாதம் எடுபடுமா என்றால், அங்கேயும் நிரல் அடங்கிய பிம்பத்தை மாற்றாமல் வைத்து, மாறும் தரவைத் தனிச் சேமிப்பிடத்தில் போடுவதே வழக்கம். பழைய அமைப்பை ஏறக்குறைய முழுதாக உதறிய நிக்ஸ்ஓஎஸ் என்ற லினக்ஸ் வகை இந்தப் பிரிவினைக்கு இன்னும் நல்ல சான்று. ஒவ்வொரு மென்பொருளுக்கும் அதில் தனி அடைவு; 'பின்'னில் ஷெல் மட்டும், யூஎஸ்ஆருக்குள் 'என்வ்' மட்டும். ஈடிசியையும் வாரையும் அதுவும் விடவில்லை.