குப்பையின் விலை - 14: உச்சவரம்பே விலையான ஊர்

கம்பெனிகளின் கணக்குப் புத்தகத்தைத் திறக்கவைத்து, செலவைச் சரிபார்த்த பிறகே வாஷிங்டன் மாநில ஆணையம் குப்பைக் கட்டணத்தை அனுமதிக்கிறது என்று போன வாரம் பார்த்தோம். இந்த வாரம் சான் பிரான்சிஸ்கோ என்று சொல்லியிருந்தேன். ஆனால் வழியில் நியூயார்க்கின் ஓர் எண் குறுக்கே வந்துவிட்டது. அதைச் சொல்லாமல் நகர முடியாது.

14.70 டாலர். தொண்ணூறுகளின் நடுவில், ஒரு கன கெஜம் கடைக்குப்பையை அள்ள லாரிக் கம்பெனி வாங்கக்கூடிய அதிகபட்சக் கட்டணம் அது. நியூயார்க் மாநகராட்சியே நிர்ணயித்தது.

1956-இல் கடைகள், ஓட்டல்கள், அலுவலகங்களின் குப்பையை மாநகராட்சி தனியாரிடம் விட்டது. வீட்டுக்குப்பை மட்டும் அதன் கையில் நின்றது. கடைக்காரர்களைத் தனியார் பிழிந்துவிடக் கூடாதே என்று கட்டணத்துக்கு உச்சவரம்பு வைத்தார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் பெரும்பாலான கடைகளுக்கு வந்த பில் அந்த உச்சவரம்பிலேயே நின்றது. நூற்றுக்கணக்கான கம்பெனிகள் இருந்தும் குறைத்துக் கேட்க ஆளில்லை. நியாயமான விலைக்கு மேலே போட்ட கோடு, கம்பெனிகளுக்கு அரசே அச்சிட்டுக் கொடுத்த விலைப்பட்டியலாகிவிட்டது.

காரணம், அந்தத் தொழிலில் வாடிக்கையாளர் ஒரு சொத்து. ஒரு முகவரியில் யார் குப்பை அள்ளுகிறாரோ, அந்த முகவரி அவருக்கே சொந்தம். கடைக்காரர் காலி செய்துகொண்டு போய், அங்கே வேறொருவர் கடை போட்டாலும் குப்பை பழைய லாரிக்குத்தான். வேறு கம்பெனி அந்த வாடிக்கையைப் பிடித்தால், தொழில் சங்கத்தில் பஞ்சாயத்து நடக்கும். பிடித்தவர் ஈடாக வேறு வாடிக்கையோ பணமோ தர வேண்டும். சங்கங்களுக்குப் பின்னால் காம்பினோ, ஜெனோவீஸ் என்ற மாஃபியா குடும்பங்கள் இருந்தன. இது ரகசியமும் இல்லை. 1957-லேயே செனட் குழு ஒன்று இதை விசாரித்தது. அந்தக் குழுவின் தலைமை வழக்கறிஞர் ராபர்ட் கென்னடி.

இன்னொரு ஓட்டையும் இருந்தது. கட்டணம் கன அளவுக்கு, எடைக்கு அல்ல. அமுக்காத அட்டைப்பெட்டிகள் எவ்வளவு இடத்தை அடைக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த அளவையும் யாரும் அளக்கவில்லை. கம்பெனி உத்தேசமாக எழுதியதுதான் கணக்கு. ஓர் அலகின் விலைக்குப் பூட்டுப் போட்டுவிட்டு, எத்தனை அலகு என்பதைத் திறந்து விட்டிருந்தார்கள்.

இதை உடைத்த கதை சினிமாவை மிஞ்சும். 1992-இல் புரூக்ளினில் ஒரு பழைய காகிதக் கம்பெனியின் லாரிக்குத் தீ வைத்தார்கள். விசாரிக்கப் போன ரிக் கவன் என்ற போலீஸ் துப்பறிவாளர் முதலாளியோடு பேசிக்கொண்டிருந்தபோதே மிரட்டல் ஆட்கள் உள்ளே வந்துவிட்டார்கள். முதலாளி சட்டென்று, ‘இவன் என் சொந்தக்காரன்’ என்று அறிமுகப்படுத்தினார். அந்தப் பொய்யையே பிடித்துக்கொண்டு கவன் வேறு பெயரில் குப்பைத் தொழிலுக்குள் வருடக்கணக்கில் வாழ்ந்தார், பேச்சுகளை ரகசியமாகப் பதிவு செய்தார். அதே காலத்தில் பிஎஃப்ஐ என்ற தேசிய அளவிலான கம்பெனி நியூயார்க்குக்குள் நுழைந்தது. அதன் அதிகாரி ஒருவர் வீட்டில் வெட்டப்பட்ட நாய்த்தலை கிடந்தது, ‘நியூயார்க்குக்கு நல்வரவு’ என்ற சீட்டோடு.

1995-இல் கம்பெனிகள், சங்கங்கள், ஆட்கள் என்று கூண்டோடு குற்றப்பத்திரிகை. 1996-இல் புதுச் சட்டம், புது ஆணையம். உரிமம் வேண்டுமென்றால் பின்னணி விசாரணை. ஒப்பந்தம் இரண்டு வருடத்துக்கு மேல் கூடாது. 1997-இல் உச்சவரம்பு 12.20 டாலராக இறங்கியது. சந்தை விலை அதற்கும் கீழே போனது. அப்போதுதான் உச்சவரம்பு உண்மையிலேயே உச்சவரம்பானது.

கட்டண ஒழுங்குமுறை என்றதும் எல்லோரும் ‘அதிகபட்சம் எவ்வளவு?’ என்றுதான் கேட்கிறார்கள். அளப்பது யார், கடைக்காரர் கம்பெனியை மாற்ற முடியுமா என்ற இரண்டு கேள்விகளையும் கேட்காதவரை அந்த எண்ணுக்கு மதிப்பே இல்லை. நாற்பது ஆண்டுகள் நியூயார்க் கடைக்காரர்கள் கொடுத்த பணம் இதற்குச் சாட்சி.

சரி, போட்டிக்கே இடமில்லாத ஊரில் என்ன செய்வது? சான் பிரான்சிஸ்கோவில் 1932-ஆம் ஆண்டுச் சட்டத்தின் நிழலில் கடைசியில் ஒரே கம்பெனிதான் மிஞ்சியது. அங்கே கட்டணத்துக்கு அதிகாரிகளே ஒப்புதல் கொடுத்தார்கள். அப்படியிருந்தும் 2021-இல் அந்தக் கம்பெனி 9 கோடி டாலருக்கு மேல் மக்களுக்குத் திருப்பிக் கொடுக்க ஒப்புக்கொண்டது. சரிபார்க்க வேண்டியவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பது அடுத்த வாரம்.

(தொடரும்)