சாஸ் வகைகளில் மறைந்துள்ள சர்க்கரை

சேர்க்கப்பட்ட சர்க்கரை என்பது உணவில் இயல்பாக இருக்கும் சர்க்கரையைத் தவிர, தயாரிப்பின்போது தனியாகக் கலக்கப்படும் சர்க்கரை, சிரப், தேன், வெல்லம் போன்றவற்றைக் குறிக்கும். தக்காளி கெச்சப், இனிப்பு மிளகாய் சாஸ், பார்பிக்யூ சாஸ், சாலட் டிரெஸ்ஸிங் ஆகியவை புளிப்பு, உப்பு, காரச் சுவை கொண்டவை என்பதால் இவற்றிலுள்ள சர்க்கரை எளிதில் கவனத்துக்கு வருவதில்லை. இனிப்பைத் தவிர்க்கும் நீரிழிவு நோயாளியும் அறியாமல் இதை உட்கொள்ள நேரிடுகிறது.

சர்க்கரை சேர்க்கப்படுவதன் காரணம்

சர்க்கரை உணவிலுள்ள நீரைப் பிணைத்து, நுண்ணுயிரிகள் வளரத் தேவையான ஈரத்தைக் குறைக்கிறது. வினிகரின் கடும் புளிப்பைத் தணித்து, சாஸுக்குக் கெட்டித்தன்மையும் பளபளப்பும் தருகிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் சோடியம் பென்சோயேட் என்ற பதப்படுத்தியைப் பற்றி எதிர்ப்பு எழுந்தபோது, ஹைன்ஸ் நிறுவனம் அதைக் கைவிட்டு, நன்கு பழுத்த தக்காளியுடன் கூடுதல் வினிகரும் சர்க்கரையும் சேர்த்துக் கெச்சப் தயாரித்தது. இன்று பரவலாக அறியப்படும் கெச்சப்பின் சுவை இம்முறையில் உருவானதே.

வீட்டில் அரைக்கும் தக்காளிச் சட்னி ஓரிரு நாளில் தீர்ந்துவிடுவதால் அதற்கு இவ்வளவு சர்க்கரை தேவைப்படுவதில்லை.

நீலகிரியில் பழம் பதனிடுதல்

ஜெகதளா பேரூராட்சி அடங்கிய குன்னூர் வட்டம் உட்பட நீலகிரி மலைப்பகுதியில் பிளம், பீச், பேரிக்காய் போன்ற பழங்கள் விளைகின்றன. பருவத்தில் ஒரே நேரத்தில் பழுத்து விரைவில் அழுகும் இவற்றைப் பாதுகாக்கும் வழிகளுள் ஒன்று, சர்க்கரை சேர்த்துப் பதனிடுவதாகும். குன்னூரில் அரசு தோட்டக்கலைத் துறையின் பழம் பதனிடும் நிலையம் ஜாம், ஸ்குவாஷ், ஊறுகாய் முதலியவற்றைத் தயாரிக்கிறது. இந்திய உணவுத் தரவிதிகளின்படி ஜாமில் கரைந்துள்ள திடப்பொருள் 65 விழுக்காட்டுக்குக் குறையக்கூடாது. அதில் பெரும்பகுதி சர்க்கரையே. எனினும் ஜாம் இனிப்பு என்பதை உண்பவர் அறிவார். கெச்சப்பில் அத்தகைய அறிகுறி இல்லை.

அளவு

கடைகளில் கிடைக்கும் தக்காளி கெச்சப்பில் பொதுவாக 100 கிராமுக்கு 20 முதல் 25 கிராம் சர்க்கரை இருக்கும். ஒரு மேசைக்கரண்டியில் ஏறத்தாழ ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை உள்ளது. உலக சுகாதார நிறுவனம் 2015ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, சேர்க்கப்பட்ட சர்க்கரையுடன் தேன், பழச்சாறு ஆகியவற்றிலுள்ள சர்க்கரையும் சேர்த்து, நாளின் ஆற்றலில் 10 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். 5 விழுக்காட்டுக்குள் இருந்தால் கூடுதல் நன்மை உண்டு. 2000 கலோரி உணவில் இவை முறையே 50 கிராம், 25 கிராம் ஆகும்.

2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர்-இந்தியாப் ஆய்வு, இந்தியாவில் சுமார் 10.1 கோடிப் பேர் நீரிழிவுடன் வாழ்வதாக மதிப்பிட்டது. நீரிழிவுக்குச் சாஸ் மட்டும் காரணமன்று. ஆனால் உணவுக் கட்டுப்பாட்டில் இருப்பவர்களின் கணக்கில் இது விடுபட்டுவிடுகிறது.

சிட்டையைப் படித்தல்

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு சிட்டை விதிகள், மொத்தச் சர்க்கரையையும் சேர்க்கப்பட்ட சர்க்கரையையும் தனித்தனியே குறிப்பிடக் கோருகின்றன. சிட்டையில் கவனிக்க வேண்டியவை:

• சேர்மானங்கள் எடையின் இறங்குவரிசையில் எழுதப்படும். சர்க்கரை முதல் சில இடங்களில் இருந்தால் அதன் பங்கு அதிகம்.
• குளுக்கோஸ் சிரப், டெக்ஸ்ட்ரோஸ், பிரக்டோஸ், இன்வர்ட் சிரப், கார்ன் சிரப் ஆகியவையும் சர்க்கரையே. ஒரே பொருளில் இவற்றுள் பல இருந்தால், ஒவ்வொன்றும் பட்டியலில் கீழே தள்ளப்பட்டு மொத்த அளவு தெரியாமல் போகலாம்.
• மால்ட்டோடெக்ஸ்ட்ரின் சர்க்கரைக் கணக்கில் வராவிட்டாலும் இரத்தச் சர்க்கரையை விரைவாக உயர்த்தக்கூடியது.
• பரிமாறும் அளவு சிறிதாகக் காட்டப்படலாம். 100 கிராமில் 22 கிராம் சர்க்கரை உள்ள சாஸை 15 கிராம் உண்டால் 3.3 கிராம் சேரும். 60 கிராம் உண்டால் 13.2 கிராம், அதாவது 25 கிராம் வரம்பில் பாதிக்கு மேல் சேரும்.

மாற்றுகள்

புதினா, கொத்தமல்லி, தக்காளிச் சட்னிகளைச் சர்க்கரையின்றி வீட்டிலேயே அரைக்கலாம். கடைச் சாஸ் வாங்குவோர், ஒரே வகையிலான இரு பொருள்களின் 100 கிராமுக்கான அளவை ஒப்பிட்டுக் குறைவானதைத் தேர்ந்தெடுக்கலாம். சர்க்கரை குறைந்தவற்றில் உப்பு மிகுந்திருக்கலாம் என்பதால் சோடிய அளவையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது.