தீக்குச்சித் தலையில் ஒரு சமன்பாடு

மதுரைப் பெட்டிக்கடைகளில் வாங்கும் தீப்பெட்டி பெரும்பாலும் சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டிப் பக்கத்துச் சரக்குதான். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்க் கற்றுவந்து 1923-இல் சிவகாசியில் தொடங்கிய தொழில் அது. வேதிச் சமன்பாட்டைச் சமன் செய்யத் திணறும் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு அந்தக் குச்சியையே பாடமாகக் காட்டலாம்.

குச்சித் தலையில் உள்ள மருந்தில் முக்கியமானவை பொட்டாசியம் குளோரேட்டும் கந்தகமும். பெட்டியின் பக்கவாட்டில் பூசியிருப்பது சிவப்புப் பாஸ்பரஸ். உரசினால் முதலில் பற்றுவது அதுதான். அந்தச் சூட்டில் குளோரேட் தன் ஆக்சிஜனைக் கந்தகத்துக்குக் கொடுத்துவிட்டுப் பொட்டாசியம் குளோரைடாகிறது. கந்தகம், கந்தக டை ஆக்சைடாகிறது. குச்சி பற்றியதும் மூக்கில் ஏறுகிறதே, அந்த நெடி இதனுடையது.

இனி எண்ணுவோம். ஒரு குளோரேட்டில் ஆக்சிஜன் அணுக்கள் 3. ஒரு கந்தக டை ஆக்சைடில் 2. இடம், வலம் ஒத்துவரவில்லை. டை ஆக்சைடில் இன்னோர் ஆக்சிஜனைச் சேர்த்து எழுதிவிட்டால் உடனே சரியாகிவிடும். பல மாணவர்கள் செய்வதும் இதைத்தான். ஆனால் அப்படி எழுதினால் அது கந்தக டிரை ஆக்சைடு. தண்ணீரோடு சேர்ந்து கந்தக அமிலம் தரும் வேறொரு பொருள்! எண்ணிக்கை நேராகிவிட்டது, நடந்த வினையோ பொய்யாகிவிட்டது. வாய்பாட்டுக்குள் இருக்கும் சிற்றெண் அந்தப் பொருளின் அடையாளம். அதில் கைவைக்க நமக்கு உரிமையில்லை. முன்னால் போடும் எண் மட்டுமே நம் கையில் உள்ளது.

3-க்கும் 2-க்கும் பொதுவான மடங்கு 6. ஆகவே 2 குளோரேட், 3 டை ஆக்சைடு. அதற்கு 3 கந்தகம் வேண்டும். 2 பொட்டாசியம் குளோரைடு மிஞ்சும். அணு எடைகளைக் கூட்டி எடை போட்டும் பார்க்கலாம்: 245 கிராம் குளோரேட்டும் 96 கிராம் கந்தகமும் சேர்ந்து 341. வெளிவருபவை குளோரைடு 149-உம் டை ஆக்சைடு 192-உம்; அதுவும் 341. பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியர் 1789-இல் தம் பாடநூலில் எழுதிய பொருண்மை அழியா விதி இதுதான்.

பிள்ளைகளே, இந்தக் கணக்கைத் தாளில் மட்டும் போடுங்கள். குளோரேட்டும் கந்தகமும் சேர்ந்த கலவை லேசான உரசலிலேயே வெடிக்கும். அதைப் பட்டாசில் சேர்க்க இந்திய அரசு 1992-இலேயே தடை விதித்துவிட்டது.