சுவிட்ச் மாற்றிய பிறகு விளக்கு சரியாக எரியவில்லையா?

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையும் மண்சரிவும் மலையகத்தில் பல தோட்டக் குடும்பங்களை வீட்டைவிட்டு வெளியேற்றின. திரும்பி வரும்போது நனைந்துபோன சுவர் சுவிட்சுகளை மாற்ற வேண்டியிருக்கும். புது சுவிட்ச் போட்ட பிறகும் விளக்கு சரியாக எரியாவிட்டால், காரணத்தை அறிய இந்தப் பக்கம் உதவும். வயர் வேலையை அனுபவமுள்ள எலக்ட்ரீஷியனிடமே விடுங்கள். நடப்பதைக் கவனித்து அவரிடம் சொன்னால் பிழையைச் சீக்கிரம் கண்டுபிடிப்பார்.

முதலில் செய்ய வேண்டியவை

• சுவர் ஈரமாக இருந்தால் சுவிட்சைத் தொடாதீர்கள். பனியிலும் குளிரிலும் சுவர் காய நாளாகும். வெளியே காய்ந்திருந்தாலும் சுவிட்ச் பெட்டிக்குள் ஈரம் இருக்கலாம்.

• ட்ரிப் சுவிட்சில் உள்ள 'T' பொத்தானை அழுத்துங்கள். உடனே கீழே விழ வேண்டும். விழாவிட்டால் அது உங்களைக் காப்பாற்றாது. முதலில் அதை மாற்றுங்கள்.

• வேலை தொடங்குமுன் மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். பக்கத்துக் காம்பராவிலிருந்து வயர் இழுத்திருந்தால், உங்கள் மெயினை நிறுத்தினாலும் அந்த வயரில் கரண்ட் இருக்கும். அவர்களுடைய மெயினையும் நிறுத்தச் சொல்லுங்கள்.

என்ன நடக்கிறது? ஏன்?

1. விளக்கு எரியவில்லை, அடுத்த அறையிலும் எரியவில்லை
பழைய சுவிட்சில் ஒரே திருகின் கீழ் இரண்டு வயர்கள் இருந்திருக்கலாம். ஒன்று அடுத்த அறைக்குப் போவது. அது விடுபட்டால் அங்கும் கரண்ட் போகாது.

2. சுவிட்சைப் போட்டதும் கரண்ட் நின்றுவிடுகிறது
பழைய வயரிங்கில் சிவப்பு கரண்ட் வயர், கறுப்பு நியூட்ரல். புதியதில் மண்ணிறம் கரண்ட், நீலம் நியூட்ரல். ஆனால் சுவிட்சுக்குள் இருக்கும் கறுப்பு, பெரும்பாலும் விளக்குக்குப் போகும் கரண்ட் வயர்தான். நிறத்தை மட்டும் நம்பி வயர்களை மாற்றி மாட்டியிருக்கலாம். உள்ளே ஈரம் இருந்தாலும் ட்ரிப் விழும். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்காதீர்கள்.

3. நிறுத்திய பிறகும் எல்.ஈ.டி. பல்ப் மங்கலாக எரிகிறது
சுவிட்சில் சிறிய சிவப்பு விளக்கு இருந்தால் அதுவே காரணமாகலாம், அதில் ஆபத்தில்லை. ஆனால் சுவிட்ச் நியூட்ரல் வயரில் மாட்டப்பட்டிருந்தாலும் இப்படி நடக்கும். அப்போது சுவிட்சை நிறுத்தினாலும் ஹோல்டரில் கரண்ட் இருக்கும். பல்ப் மாற்றுபவருக்கு அடிக்கும். எது காரணம் என்று பரிசோதிக்கும்வரை, மெயினை நிறுத்தாமல் பல்பைத் தொடாதீர்கள்.

4. மின்விசிறி சுற்றுகிறது, அதிலுள்ள விளக்கு மினுங்குகிறது
விளக்கின் வயரை விசிறியின் வேகக் கட்டுப்படுத்தியில் மாட்டியிருக்கலாம். விளக்குக்குத் தனி சுவிட்ச் வேண்டும்.

உடனே நிறுத்த வேண்டிய நேரம்

கருகல் மணம், சூடான சுவிட்ச், சுவரைத் தொட்டால் சுரீர் என்ற உணர்வு: இவற்றில் ஒன்று இருந்தாலும் பிள்ளைகளை வெளியே அனுப்புங்கள். கையும் தரையும் காய்ந்திருந்தால் மட்டும் மெயினை நிறுத்துங்கள். முடியாவிட்டால் மின்சார அவசர இலக்கமான 1987ஐ அழையுங்கள். யாருக்காவது கரண்ட் அடித்தால், கரண்ட் நிற்கும்வரை அவரைத் தொடாதீர்கள். 1990 அம்புலன்சை அழையுங்கள்.

இன்னும் மாற்றாத சுவிட்சுகள் இருந்தால், கழற்றுபவரிடம் ஒன்று சொல்லுங்கள்: மூடியைத் திறந்ததும், வயர்களை எடுக்குமுன், கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளட்டும். எந்த வயர் எங்கே இருந்தது என்பதை அந்தப் படம் காட்டும்.