வாட்ஸ்அப்பில் புலம்பினால் மெமோ வருமா?

அரியலூர் சிமெண்ட் ஆலையிலோ, எறையூர் சிப்காட்டிலோ, பெரம்பலூரில் ஒரு வங்கியிலோ வேலை பார்க்கிறீர்கள் என்றால் உங்கள் போனில் இரண்டு குழுக்களாவது இருக்கும். ஒன்று, ஷிப்ட் விவரம் போட மேலாளர் தொடங்கியது. இன்னொன்று, அவரைச் சேர்க்காமல் நீங்கள் தொடங்கியது. சட்டம் இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பதில்லை.

தனிக் குழுவில் அதிகாரியைக் குறை சொல்லலாமா?

சொல்லலாம். நம் பக்கமும் கிளைகள் உள்ள தமிழ்நாடு கிராம வங்கியின் ஊழியர் ஒருவருக்கு, இப்படிப் பேசியதற்காகவே சார்ஜ் மெமோ (செய்த தவறு இன்னது என்று நிர்வாகம் தரும் கடிதம்) வந்தது. 2023-இல் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் அதை ரத்து செய்தார். மனக்குறையைக் கொட்டித் தீர்க்க ஊழியருக்கு உரிமை உண்டு, வீட்டில் பேசினால் தப்பில்லாத பேச்சு தனிக் குழுவிலும் தப்பில்லை என்பதே தீர்ப்பின் சாரம். எனக்கு இது மிக நியாயமாகப் படுகிறது.

அப்படியானால் எதையும் எழுதலாமா?

கூடாது. மிரட்டல், சாதி வசவு, உடன் வேலை செய்யும் பெண்ணைப் பற்றிய ஆபாசம் எதற்கும் இந்தப் பாதுகாப்பு கிடையாது. மேலாளரின் குழுவில் எழுதுவதும் அலுவலகத்தில் பேசுவதும் ஒன்றே.

‘போனைக் கொடு, பார்க்கணும்’ என்றால்?

உங்கள் காசில் வாங்கிய போன் என்றால் மறுக்கலாம். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இலேயே உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். கம்பெனி கொடுத்த போன், கணினி, மின்னஞ்சல் என்றால் கதை வேறு. 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், வேலை சம்பந்தமாகவும் தனக்கு நஷ்டம் வராமல் தடுக்கவும் ஊழியரின் தகவலை அவர் சம்மதமின்றியே கையாள முதலாளிக்கு இடம் தருகிறது.

பலர் கோட்டை விடுவது ஒன்று: ஆபீஸ் கணினியில் வாட்ஸ்அப் வெப்பைத் திறந்துவிட்டு அப்படியே டீ குடிக்கப் போவது. போனில் ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ என்ற இடத்தில் அந்தக் கணினியின் பெயரைத் தொட்டு வெளியேறிவிடுங்கள். குழுவில் உள்ளவரே ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் கொடுத்தால் எந்தப் பூட்டும் உதவாது. யாரைச் சேர்க்கிறோம் என்று பாருங்கள்.

மெமோ வந்தே விட்டதா?

கோபத்தில் குழுவையே அழித்துவிடாதீர்கள். உங்கள் பக்கச் சான்றும் அதில்தான் இருக்கிறது. கெடு முடியும் முன் எழுத்தில் பதில் கொடுத்து, நகலில் கையொப்பம் வாங்குங்கள். கிராம வங்கி அரசு சார்ந்தது என்பதால் அந்த வங்கி ஊழியரால் நேரே உயர் நீதிமன்றம் போக முடிந்தது. தனியார் ஆலைத் தொழிலாளிக்கு அந்த வழி எளிதல்ல. வேலையை விட்டு நிறுத்தினால் சங்கத்தின் துணையோடு தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் மனு கொடுங்கள். மதுரைத் தீர்ப்பின் நகலையும் அதோடு இணையுங்கள்.