சைக்கிளுக்கு ஓர் இஞ்சின்

மிதிக்காமலே சைக்கிள் ஓட வேண்டும் என்ற ஆசை பிறவாத பையன் தமிழ்நாட்டில் இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை. பழைய சைக்கிள் ஒன்று திண்ணையோரம் சாத்திக் கிடக்கிறது. சிறு இஞ்சினோ மின்சார மோட்டாரோ ஒன்றை வாங்கி அதில் பூட்டிவிட்டால் போதும் என்கிறான் பிள்ளை. தகப்பனார் கூடவே கூடாது என்று அதட்டுகிறார். இல்லையேல் பணத்தைக் கொடுத்துவிட்டுத் தம் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார். இரண்டுமே சரியல்ல என்பது நமது அபிப்பிராயம்.

ஆசை இழிவானதன்று. 1946-இல் ஜப்பானில் ஹமமாட்ஸு நகரில் ஸோயிசிரோ ஹோண்டா என்பவர், யுத்தம் முடிந்தபின் கேட்பாரற்றுக் கிடந்த ராணுவ ரேடியோக் கருவிகளின் சிறு இஞ்சின்களை வாங்கிச் சைக்கிள்களில் பொருத்தினார். முதல் வண்டிக்குப் பெட்ரோல் டாங்கியாக உதவியது, குளிருக்காகப் படுக்கையில் வைத்துக்கொள்ளும் வெந்நீர்க் குடுவை என்று சொல்வார்கள். அந்த இஞ்சின்கள் தீர்ந்துபோகவே, 1947-இல் தாமே ஓர் இஞ்சினைச் செய்தார். மறு வருஷம் ஹோண்டா கம்பெனி பிறந்தது.

நம்மவர்களும் சளைத்தவர்கள் அல்லர். கோயமுத்தூர் ஜி. டி. நாயுடு (1893–1974) வாலிபப் பருவத்தில் வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்டு சொக்கிப் போனார். ஹோட்டலில் பரிமாறுகிறவராக வேலை செய்து பணம் சேர்த்து, அந்த வண்டியையே விலைக்கு வாங்கி, அக்கு அக்காகக் கழற்றிப் பார்த்துவிட்டு மறுபடியும் பூட்டினார். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் ஓட்டியவரும் அவர்தாம். 1980-இல் ஓசூரில் உருவான டி.வி.எஸ். 50 மொபெட்டையும் இங்கே நினைக்கலாம். பெடலும் இஞ்சினும் ஒருங்கே அமைந்த அந்தச் சாதுப் பிராணி தமிழ்நாட்டில் எத்தனை பால்காரர்களைச் சுமந்திருக்கிறது!

ஆனால் நம் பையன் வண்டி எப்படி ஓடும் என்பதை மட்டுமே யோசிக்கிறான். எப்படி நிற்கும் என்று அவன் கேட்பதில்லை. மணிக்கு 15 கிலோ மீட்டர் போகும் சைக்கிள் 30 கிலோ மீட்டர் போனால் வேகம் இரு மடங்குதான். பிரேக் தாங்க வேண்டிய சக்தியோ நான்கு மடங்கு. இது பௌதிகப் புத்தகத்தில் அவனே படித்த பாடம். பழைய சைக்கிளின் கம்பி பிரேக், இரும்பு விளிம்பு மழையில் நனைந்துவிட்டால், பிடித்தும் பிடிக்காமலும் வழுக்கும். திருவண்ணாமலையில் 14 கிலோ மீட்டர் கிரிவலப் பாதையில் பௌர்ணமி இரவில் லட்சக்கணக்கான ஜனங்கள் வெறுங்காலுடன் நடக்கிறார்கள். கைக்குழந்தையோடு வரும் பெண்மணி சட்டென்று குறுக்கே திரும்பினால் இஞ்சின் உதவாது, பிரேக்தான் உதவ வேண்டும்.

சட்டத்தையும் மறப்பதற்கில்லை. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம், 25 சி.சி.-க்கு மேற்படாத இஞ்சின் கொண்ட இருசக்கர வண்டியை மோட்டார் வாகனமாகக் கருதுவதில்லை. சைக்கிளுக்கென்று விற்கப்படும் பெட்ரோல் இஞ்சின்களில் பல 49 சி.சி. என்பதைக் கவனிக்க வேண்டும். பூட்டிய மாத்திரத்தில் பதிவு, லைசென்ஸ், இன்ஷூரன்ஸ் எல்லாம் கேள்விக்கு வந்துவிடும். போதாக்குறைக்கு, அதன் பல்சக்கரம் பின்சக்கரத்து ஆரக்கம்பிகளையே பற்றி இழுப்பதால், கம்பிகள் ஒவ்வொன்றாக முறியும். நமக்கு அது பிடிக்கவில்லை.

மின்சார மோட்டாரே மேல். 0.25 கிலோவாட்டுக்குக் குறைந்த சக்தி, 25 கிலோ மீட்டருக்குக் குறைந்த வேகம், பாட்டரி நீங்கலாக 60 கிலோவுக்கு மேற்படாத எடை ஆகியவை அதற்கு விதித்த எல்லைகள். சோதனை நிலையத்தின் சான்றும் வேண்டும் என்பது விதி. வீட்டில் பூட்டிய வண்டிக்கு அது தானாக வந்துவிடாது. ஆகையால் வாங்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளட்டும். 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி பாட்டரியில் 360 வாட்-மணி அடங்கும். கிலோ மீட்டருக்குச் சுமார் 12 வாட்-மணி செலவென்று கொண்டால், மிதிக்காமலே மலையை இருமுறை வலம் வரலாம். கூடவே மிதிக்கிறவனுக்கு மூன்றாவது சுற்றும் கிட்டும்.

வேலையைப் பிரேக்கிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். ரப்பர் கட்டைகள் புதியவையாக இருக்கட்டும். பிடித்த கணமே மின்சாரத்தைத் துண்டிக்கும் விசையுள்ள பிரேக் கைப்பிடியே வேண்டும். சக்கரத்துக்குள் அமைந்த மோட்டார் தன் அச்சையே திருகிக்கொண்டு கவையிலிருந்து வெளியேறப் பார்க்கும். அதைத் தடுக்கும் இரும்புப் பட்டையைத் தவறாமல் முடுக்க வேண்டும். பாட்டரிக்கு அருகிலேயே ஒரு பியூஸ் இருக்கட்டும். முதல் வெள்ளோட்டம் ஆளற்ற மைதானத்தில் நடக்கட்டும். தகப்பனாரும் கூடவே நிற்கட்டும்.